கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

சவுத்தாம்டனில் கப்பல் ஏறி நியூயார்க்கில் இறங்கினோம் என்று சொன்னால் கேட்பவர்களின் முதல் கேள்வி, "டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. எந்தத் திசை, எந்த விசா, எந்த மாதம், எந்த அறை என்ற நான்கையும் முடிவு செய்துவிட்டால் விலை தானாக வந்து நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அப்புறம் யோசிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், அறை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எங்கள் கதை சுருக்கமானது. நான் இருப்பது லண்டன். தங்கை இருப்பது நியூஜெர்சியின் எடிசன். சென்னையிலிருந்து வந்து என்னோடு சில வாரம் தங்கிய அம்மா அடுத்து அவள் வீட்டுக்குப் போக வேண்டும். "பிளேன்ல மறுபடியும் எட்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுட்டு உக்கார மாட்டேன். கப்பல் கிப்பல் இல்லையாடா?" என்றார். இருக்கிறது.

எந்தக் கப்பல்?

1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறிய ராமானுஜன் ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். அதுபோல இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு முறையாக ஓடும் பயணிகள் கப்பல் இன்று கிடையாது. பெருங்கடலைக் கடந்து ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் விடுவதற்கென்றே, கால அட்டவணை போட்டு ஓடும் கப்பல் என்று மிஞ்சியிருப்பது குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 மட்டும்தான். 2004இல் ஓடத் தொடங்கியது. 345 மீட்டர் நீளம். சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்கின் புரூக்ளின் துறைமுகத்துக்கும் இடையே பெரும்பாலும் ஏழு இரவு. நடுவில் எங்கும் நிற்காது.

இன்னொரு வழியும் உண்டு. கோடையில் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் கரீபியன் பக்கமும் ஓடும் உல்லாசக் கப்பல்கள் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் ஃபுளோரிடாவிலிருந்து பார்சிலோனா, ரோம் பக்கம் வரும். அக்டோபர், நவம்பரில் திரும்பிப் போகும். எப்படியும் போயாக வேண்டிய கப்பல் என்பதால் ஓர் இரவுக்கு விழும் விலை நன்றாகக் குறையும். ஆனால் இரண்டு வாரம் ஆகலாம். வழியில் அசோர்ஸ், மதெய்ரா போன்ற தீவுகளில் நிற்கும். நேரம் இருக்கிறது, ஊர் பார்க்கவும் ஆசை என்பவர்களுக்கு அது நல்ல பேரம். போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்குக் குயின் மேரிதான். சரக்குக் கப்பலில் ஓர் அறை வாங்கிப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2020க்குப் பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

திசை

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போங்கள். மறுதிசை வேண்டாம். இது என் கட்சி, காரணம் கடிகாரம். இரண்டு ஊருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில், அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதாவது ஐந்து நாள் 25 மணி நேர நாள். நியூயார்க்கில் இறங்கும்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். கிழக்கே வரும்போது இதே ஐந்து மணி நேரத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு அடித்த கையோடு மணி ஒன்று. சாப்பாட்டு நேரம் முழுக்கக் குழப்பம்.

மூன்றாம் நாள் காலை அம்மா, "இன்னிக்கும் ஒரு மணி நேரம் சும்மா குடுத்தானாடா?" என்று கேட்டார். கறிகாய்க் கடையில் கொசுறு வாங்கியவர் முகம்.

விசா

மாதத்தைப் பார்ப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விமானத்துக்கு எடுக்கும் அதே எஸ்டா என்ற அமெரிக்க மின் அனுமதி கப்பலுக்கும் போதும். ஆனால் 90 நாளுக்குள் திரும்புவதற்கான டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா கிடையாது; பி1/பி2 பார்வையாளர் விசா வேண்டும். இந்தியாவில் அதன் நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியான பிறகு கப்பல் டிக்கெட் வாங்குங்கள். "முன்பணம் கட்டி வெச்சுடலாம், விசா வந்துடும்" என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொல்வார்கள். பணம் கட்டப்போவது அவர்கள் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் இந்தியர்களுக்கு பிரிட்டிஷ் விசா வேண்டும். அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இப்போது ஈடிஏ என்ற மின் அனுமதி எடுக்க வேண்டும். இதில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு பொறி இருக்கிறது. இதே கப்பல் சில பயணங்களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் வரை போகும், அல்லது அங்கிருந்து கிளம்பும். தேதி பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஹாம்பர்க் சேர்ந்த பயணத்தை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் தேவை. 'சவுத்தாம்டன் – நியூயார்க்' மட்டும் என்று இருக்கிறதா எனப் பார்த்து எடுங்கள்.

விசா இல்லாதவரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்ப வராது.

மாதம்

ஜனவரியில் இந்தக் கப்பல் உலகச் சுற்றுக்குக் கிளம்பிவிடும். வசந்தத்தில்தான் திரும்பும். ஆகவே அட்லாண்டிக் பயணங்கள் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை. நவம்பர், டிசம்பரில் விலை இறங்கும், அலை ஏறும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. கூட்டமும் விலையும் உச்சம். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மே, ஜூன், செப்டம்பர். மே, ஜூனில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கம் மூடுபனி சகஜம். அப்போது கப்பல் ஊதிக்கொண்டே போகும். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் அதிரும், பயப்பட ஒன்றுமில்லை. ஊதுகுழல்களில் ஒன்று 1930களின் பழைய குயின் மேரியிலிருந்து கழற்றி வந்தது.

எப்போது போனாலும் தளத்தில் காற்று பலமாக இருக்கும். மேற்கு நோக்கிப் போகும்போது வீசும் காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்து முகத்தில் அறையும். ஜூலையாக இருந்தாலும் ஸ்வெட்டர், காதை மூடும் மஃப்ளர் வேண்டும்.

அறை

இங்கேதான் பணம் போகும், இங்கேதான் ஏமாறவும் முடியும். ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கு மேல் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை என்று நான்கு படி. சூட்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கூடமே தனி. மற்றபடி எல்லாருக்கும் அரங்கு, நூலகம், நீச்சல் குளம், நடைபாதை எல்லாம் பொது. நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நான் முதலில் தனியாகப் போனபோது தொலைபேசியில் ஒரு முகவர் மூலம் எடுத்தேன். "எட்டாம் தளம் சார், பால்கனி, இந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது" என்றார். கிடைத்ததற்கான காரணம் கதவைத் திறந்ததும் தெரிந்தது. பால்கனிக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு. கடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறக் கூரை, அதில் மழைத் தண்ணீர் தேங்கி ஒரு குட்டிக் குளம். எட்டிப் பார்த்தால் படகுக்கு அப்பால் ஒரு கீற்று நீலம். ரசீதில் 'பார்வை மறைக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் படித்தேன். பணம் குறைவாக இருந்தால் அந்த அறையும் மோசமில்லை, வெளிக்காற்று வரும். தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவோடு போனபோது தளப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தேடினேன். தேட வேண்டியது இதுதான்: கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளங்கள். ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவருக்குக் குறைவு, கப்பலும் அப்படித்தான். நாலாம், ஐந்தாம் தளத்தின் நடுப்பகுதி உத்தமம். அந்தத் தளங்களின் பால்கனி, கப்பலின் இரும்புச் சுவரை வெட்டி உள்ளடங்கியபடி அமைத்தது. காற்று அடிக்காது. உட்கார்ந்தால் சுவர் மறைக்கும், எழுந்து நின்றால் கடல். மின்தூக்கிக்கு நான்கு அறை தள்ளி எடுத்தால் இரவில் சத்தம் இருக்காது, வயதானவர்களுக்கு நடையும் மிச்சம். மேலே சமையலறையோ நடனக் கூடமோ இல்லை, மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கின்றன என்பதையும் பாருங்கள்.

தனியாகப் போகிறவர்கள் கவனிக்க: விளம்பர விலை எல்லாம் 'இருவர் ஓர் அறையில் தங்கினால் ஆளுக்கு' என்ற கணக்கு. ஒருவர் மட்டும் தங்கினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை கட்ட நேரும். ஒற்றை ஆளுக்கென்றே 2016இல் 15 அறைகள் சேர்த்தார்கள். ஜன்னலோடு நல்ல அறைகள்தான், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓர் ஆண்டுக்கு முன்பே பார்க்க வேண்டும். அதைவிடச் சீக்கிரம் தீர்வது நாய்க் கூண்டுகள்! மொத்தம் 24. செல்லப் பிராணியோடு குடிபெயர்பவர்கள் முதலில் கூண்டுக்கு இடம் கேட்டு, அது கிடைக்கும் தேதிக்குத் தங்களுக்கு அறை போடுகிறார்கள். நாய்கள் காலைத் தூக்க வசதியாக நியூயார்க் தீயணைப்புக் குழாய் ஒன்றும் ஆங்கிலேயத் தெருவிளக்குக் கம்பம் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். அந்தந்த ஊர் நாய்க்கு அந்தந்த ஊர் வாசனை.

விலையும் பணம் கட்டுவதும்

இப்போது விலையைக் கேளுங்கள். ஒரே அறைக்கு இரண்டு விலை சொல்வார்கள். ஒன்றில் அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மற்றது மலிவு, வகை மட்டும் உறுதி, எண்ணை அவர்கள் கடைசியில் கொடுப்பார்கள், சாப்பாட்டுப் பந்தியும் அவர்கள் சொல்வதே. இளைஞர்கள் மலிவை எடுங்கள். பெற்றோரோடு போகிறவர்கள் எண்ணை எடுங்கள். முன்பணம் கட்டி வைத்தால், மீதியைப் புறப்படுவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு கட்ட வேண்டும். அதன்பின் ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.

பிரிட்டனில் இருப்பவர்கள் கடன் அட்டையில், நிறுவனத்துக்கே நேரடியாகக் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி பேசியபடி கிடைக்காவிட்டால் அட்டை கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. இடையில் முகவர் வந்தால் அந்தப் பிடி தளரலாம்.

டிக்கெட்டில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நிகழ்ச்சிகள் அடக்கம். மது, இணையம், மருத்துவர் அடக்கமில்லை. சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் எனத் தானாகக் கணக்கில் ஏறும். ஏழு நாளுக்குப் பெருக்கி, டிக்கெட் விலையோடு கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் இலவசம், சோப்புத் தூள் உட்பட.

ஒருவழிப் பயணம் என்பதால் விமான டிக்கெட்டிலும் யோசனை வேண்டும். சென்னை–லண்டன் தனி, நியூயார்க்–சென்னை தனி என்று இரண்டு ஒற்றை டிக்கெட் வாங்கினால் கை சுடும். 'பல ஊர்கள்' என்ற தேர்வில் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் கட்டுப்படியானது. கப்பல் ஏறும் நாளுக்கு முந்தின நாளே இங்கிலாந்தில் இருங்கள். இறங்கும் நாளில் காலை விமானம் போடாதீர்கள்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பலில் மருத்துவமனை இருக்கிறது. பிரிட்டனின் இலவச மருத்துவம் அங்கே செல்லாது. நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாது. பெரிய கோளாறு என்றால் கப்பல் திசை மாறிக் கரைப் பக்கம் போக நேரும். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கும் ஆறாம் மாதத்தைத் தொடும் கர்ப்பிணிக்கும் அனுமதி இல்லை.

சாப்பாடு, உடை, பெட்டி

பெரிய கூடத்தில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணி, இரண்டாவது எட்டரை. மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். சைவம் என்று வெறுமனே எழுதாதீர்கள். அவர்கள் அகராதியில் முட்டை சைவம். முட்டை, மீன் சாறு, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே விரித்து எழுதுங்கள். ஏறிய முதல் இரவே மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். நாளைய மெனுவை இன்று இரவே காட்டச் சொன்னால், வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்துவிடுவார்கள். எங்கள் மேசைக்கு இரண்டாம் நாளிலிருந்து பருப்பும் சாதமும் வந்தது. ஊறுகாய் எங்களுடையது.

ஏழு இரவில் பெரும்பாலும் இரண்டு இரவு விருந்து உடை. ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு வாடகைக்கு எடுக்கும் செலவை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். அடர்நிற சூட் போதும், அவரவர் நாட்டு விருந்து உடைக்கும் இடமுண்டு. பெண்களுக்குக் கவலையே இல்லை. அம்மாவின் அரக்குப் பட்டைத் தொட்டுப் பார்க்க மூன்று வெள்ளைக்காரப் பாட்டிகள் வரிசையில் நின்றார்கள்.

பெட்டிகளின் எண்ணிக்கையில் விமானக் கெடுபிடி இல்லை. ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இருந்து, அறைக்குள் அடங்கினால் சரி. ஆகவே இட்லிப் பானை, கல்சட்டி, புத்தகம் என்று தாராளமாகக் கட்டலாம். இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மாத்திரை, விசா, பணம், ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலில் சீட்டு கட்டிக் கொடுத்துவிட்டால் அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம்.

ஏறும் நாள்

சவுத்தாம்டனில் பயணிகள் முனையங்கள் ஐந்து. எது உங்களுடையது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு டாக்ஸி ஏறுங்கள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இணையத்தில் முன்பே பதிவு செய்து, உங்களுக்குக் கொடுத்த நேரத்துக்குப் போனால் வரிசை குறைவு. ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி உண்டு, அதற்குப் போயே ஆக வேண்டும்.

குமட்டலுக்கு மாத்திரையை அலை வருவதற்கு முன் போட வேண்டும். வந்த பிறகு போட்டால் நிற்காது. மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வயிற்றைக் காலியாக விடாதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள். நாலாம் நாள் எங்களுக்கும் ஆட்டம் வந்தது. மேசையில் கரண்டிகள் தாமாக இடம் மாறின. அம்மா இஞ்சி மரப்பாவை வாயில் போட்டுக்கொண்டு, "மாட்டு வண்டி இதைவிடக் குலுக்கும்" என்றார்.

பொழுது போகுமா என்று கேட்காதவர் இல்லை. ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று நடந்தால் 1.1 மைல். மற்றபடி கடல்தான். சும்மா இருக்கத் தெரியாதவர்கள் விமானத்தில் போவது எல்லாருக்கும் நல்லது.

இறங்கும் நாள்

முந்தின இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்; எல்லாவற்றையும் நாமே தூக்கிக்கொண்டு போவதானால் முதலில் இறங்கலாம். அமெரிக்கச் சுங்கப் படிவத்தில் உணவுப் பொருளை மறைக்காதீர்கள். வீட்டுப் பொடி, ஊறுகாயை எழுதிக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு மட்டும் மன்னிப்பே இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் தடை. மாம்பழம், இறைச்சியும் வேண்டாம். லண்டனில் வாங்கிய ஒரு கட்டுக் கறிவேப்பிலையை அம்மா கடைசி இரவு மனமில்லாமல் அறைக் குப்பைக்கூடையில் போட்டார். அறை முழுக்க ரசம் வாசனை.

புரூக்ளின் முனையத்துக்குப் பக்கத்தில் சுரங்க ரயில் கிடையாது. பெட்டி குறைவாக இருந்தால் அருகிலேயே நகரப் படகுத் துறை இருக்கிறது. அதிகமென்றால் டாக்ஸி, அல்லது யாரையாவது வண்டியோடு வரச் சொல்லுங்கள். குடிவரவு வரிசைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, ஒன்பதரைக்கு மேல் வரச் சொன்னால் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்காது.

அதற்கெல்லாம் முன்னால், அன்று காலை நாலு மணிக்கு அலாரம் வையுங்கள். விடிவதற்கு முன் கப்பல் நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழையும். புகைபோக்கியின் உச்சிக்கும் பாலத்துக்கும் நடுவில் சில மீட்டர்தான் இடைவெளி. கீழேயிருந்து பார்க்கும்போது முட்டிவிடும் என்றே தோன்றும். பதினோராம் தளத்தின் முன்பக்கம் போய் நில்லுங்கள், கூட்டம் சேர்வதற்கு முன் இடம் பிடித்துவிடலாம். பாலம் தாண்டியதும் இடது பக்கம் நகருங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான். அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். பாலத்தின் மேல் ஒரு லாரி விளக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. "அவனுக்குத் தெரியுமாடா, கீழ நாம போறது?" என்று கேட்டார்.